படத்தில் ஓடிய பொம்மைக் கோச்சி எது? மூன்று வழிகளும் ஒரு திறப்பும்

போன நத்தார் விடுமுறையில் பெரியப்பாவோடு இருந்து யூடியூபில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் பார்த்தேன். நடுவில் ஒரு காட்சி. நத்தார் மரத்தைச் சுற்றி ஒரு பொம்மைக் கோச்சி புகை விட்டபடி ஓடுகிறது. பத்து விநாடி இருக்கும், அவ்வளவுதான்.

"நிப்பாட்டு தம்பி. பின்னால எடு" என்றார் பெரியப்பா. மூன்று தரம் பார்த்தார். "இதுதான். எங்கட வீட்டில இருந்த எஞ்சின் இதேதான்."

அப்பப்பா டொக்யார்ட்டில் வேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் புறப்பட்டபோது, ஒரு அதிகாரியின் குடும்பம் தங்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் கொஞ்சத்தை அப்பப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு கோச்சியும் இருந்தது. பெரியப்பாவுக்கு அப்போது எட்டு வயது. 1990 இடம்பெயர்வில் வீட்டுச் சாமானோடு சாமானாக அதுவும் போய்விட்டது. இவ்வளவு காலமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், அன்றைக்கு இரவு சாப்பிடும்போதும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

சரி, ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஆனால் எதை வாங்குவது? பழைய பொம்மை எஞ்சின்களை விற்பவர்கள் வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "நீராவி எஞ்சின், கறுப்பு, பழையது" என்று மட்டும் சொன்னால் கடலில் உப்புத் தேடுவது போலத்தான். பெயரும் மாதிரியும் தெரியாமல் காசு அனுப்ப முடியாது. தெரிந்துகொள்ள மூன்று வழிகள் தென்பட்டன: கைபேசியின் படத்தேடல், படத்தை நிறுத்தி நிறுத்தி நாமே கண்ணால் பார்ப்பது, தயாரிப்பாளர்களின் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டுவது. மூன்றையும் செய்து பார்த்தேன். செய்த ஒழுங்குதான் பிழை, அதனால் கொஞ்சக் காசும் போனது.

முதலில் ஒரு சின்னத் தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் "டாய் ட்ரெயின்" என்று தேடினால் வந்து நிற்பது ஊட்டி மலை ரயில். அதற்கு அடுத்து டார்ஜீலிங். நம் ஆட்கள் சினிமாவில் பார்த்துப் பழகிய "டாய் ட்ரெயின்" அவைதான். ஊட்டியில் ஓடுவது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை எஞ்சின், பற்சக்கரம் போட்டு மலை ஏறும், தண்டவாள அகலம் 1000 மில்லிமீற்றர். டார்ஜீலிங்கில் 610. இரண்டுமே ஆள் ஏறும் கோச்சிகள். நான் தேடியது கட்டிலுக்குக் கீழே ஓடும் கோச்சி. அதனால் "பொம்மை" என்ற சொல்லோடு தயாரிப்பாளரின் பெயரையும் சேர்த்துத் தேடாவிட்டால் அரைநாள் நீலகிரியிலேயே கழிந்துவிடும். எனக்குக் கழிந்தது.

இனிப் படத்தேடல். எல்லோரும் முதலில் செய்வது இதுதான், நானும் அதையே செய்தேன். காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொடுத்தால் ஒரு விநாடியில் ஐம்பது படங்கள் வரும். நிறம் பளிச்சென்று இருக்கிற எஞ்சின் என்றால் இது நன்றாகவே வேலை செய்கிறது. உதாரணத்துக்கு, அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1948இல் வெளியிட்ட சாண்டா ஃபே டீசல் எஞ்சின், வெள்ளி உடம்பு, சிவப்பு முகம். அதைப் படத்தேடல் தவறவிடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு நீராவி எஞ்சின் என்றால் கதை வேறு. கறுப்பாக, நீளமாக, முன்னால் ஒரு வட்டத்தோடு எது இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். நத்தார் மரம் இருக்கும் படங்களைத்தான் எனக்கு அதிகம் காட்டியது. எஞ்சினை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டது போல.

இன்னொரு குறை எனக்குக் காசு செலவழித்த பிறகுதான் உறைத்தது. படத்தேடல் உருவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. முதலாவதாக வந்த படம் அச்சு அசலாக அதே போல இருந்தது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இருந்தது, விலையும் கட்டுப்படியானது, வாங்கிவிட்டேன். பார்சல் வந்தபோது பெட்டி ஏன் இவ்வளவு சிறிது என்று யோசித்தேன். பிரித்தால் எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. படத்தில் இருந்ததில் பாதிதான். விற்றவர் பொய் சொல்லவில்லை. தண்டவாள அகலத்தை நான் கேட்கவில்லை, அவர் எழுதவும் இல்லை. அந்த எஞ்சின் இப்போது கச்சான் காற்றில் கடதாசி பறக்காமல் என் மேசையில் கிடக்கிறது. அந்த வேலைக்கு நல்ல பாரம்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது வழிக்கு வந்தேன், நானே உட்கார்ந்து பார்ப்பது. இதற்கு ஒரு இரவு போதும், காசு தேவையில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினைப் பார்க்க முதல் அதன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் வட்டமாக இருக்கிறதா? முட்டை வடிவில் இருந்தால், யாரோ பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நீளம், உயரம் என்று எதை அளந்தாலும் பிழைக்கும். நான் பார்த்த பிரதி இப்படித்தான் இழுபட்டிருந்தது. வேறொரு பிரதி தேடி எடுத்தேன்.

அடுத்தது தண்டவாளம். என் கணக்கில் பாதி விடை இதில்தான் இருக்கிறது. இரண்டு கேள்விகள்: எத்தனை கம்பி, எவ்வளவு அகலம்? அகலத்துக்கு அளவுகோல் வேண்டாம், விரல் போதும். படத்தில் யாராவது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கையோ காலோ வைத்திருப்பார்கள். ஒரு விரல் அகலம் என்றால் 16.5 மில்லிமீற்றர், இங்கிலாந்தின் ஹோர்ன்பி டப்லோவும் ட்ரையாங்கும் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தின் சிறிய கோச்சிகளும் ஓடுவது அதில். இரண்டு விரல் என்றால் 32, ஓ கேஜ் என்பார்கள். பழைய பொம்மைக் கோச்சிகளில் பெரும்பாலானவை இந்த அளவுதான். மூன்று விரலுக்குக் கிட்ட என்றால் 54, லயனல் 1906இல் கொண்டு வந்த பெரிய அளவு. இரண்டு விரலுக்கும் ஒரு விரலுக்கும் நடுவில் தடுமாறினால் அமெரிக்கன் ஃபிளையர் என்ற நிறுவனத்தின் கோச்சியாக இருக்கலாம், அது ஏறத்தாழ 22.

கம்பியை எண்ணுவது இதைவிட லேசு. லயனல் ஓ கேஜில் எப்போதும் மூன்று கம்பி, நடுக் கம்பியில் மின்சாரம். அதன் போட்டியாளரான அமெரிக்கன் ஃபிளையர் 1946 முதல் இரண்டு கம்பிக்கு மாறிவிட்டது. "நிஜக் கோச்சிக்கு எங்கே மூன்று தண்டவாளம்?" என்பதுதான் அவர்களின் வியாபாரப் பேச்சு. இங்கிலாந்தில் 1938இல் தொடங்கிய ஹோர்ன்பி டப்லோ 1959 வரை மூன்று கம்பி. ட்ரையாங் தொடக்கம் முதலே இரண்டு. ஆகவே அமெரிக்கப் படம், நாற்பதுகளின் கடைசி அல்லது ஐம்பதுகள், இரண்டு விரல் அகலம், நடுவில் ஒரு கம்பி என்றால் பெரும்பாலும் லயனல்தான் என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சாவி முறுக்கி ஓடும் எஞ்சினுக்கு நடுக் கம்பி தேவையில்லை. இந்த ஒரு வரியை நான் அப்போதே மனதில் ஏற்றியிருக்க வேண்டும்.

கொளுக்கியும் நல்ல சாட்சி. இரண்டு கைகள் விரலை மடக்கிக் கோத்துக்கொள்வது போன்ற கொளுக்கியை லயனல் 1945இல், போர் முடிந்த கையோடு கொண்டு வந்தது. புகைபோக்கியிலிருந்து புகை வருவது 1946இலிருந்து. இவை இரண்டும் படத்தில் தெரிந்தால் எஞ்சின் போருக்குப் பிந்தியது.

பிறகு சக்கரத்தை எண்ணுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும். பெரியப்பாவின் படத்தில் முன்னால் சின்னது மூன்று, நடுவில் பெரியது நான்கு, பின்னால் சின்னது மூன்று. இரண்டு பக்கமும் சேர்த்து 20. இவ்வளவு சக்கரம் வைத்த பொம்மை எஞ்சின் அபூர்வம். பென்சில்வேனியா ரெயில்வேக்காக 1944இல் கட்டப்பட்ட எஸ்2 என்ற நீராவிச் சுழலி எஞ்சினின் நகல் அது. உண்மையான எஸ்2 உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதன் பொம்மையோ 1946 முதல் ஆண்டுக் கணக்கில் விற்றது. நிஜத்தைவிட நகல் பெருத்த கதை.

இங்கே படம் வெளிவந்த ஆண்டையும் ஒரு வேலியாகப் போட வேண்டும். அந்த ஆண்டுக்குப் பின்னால் விற்பனைக்கு வந்த எஞ்சின் அந்தப் படத்தில் இருக்க முடியாது. ஆனால் கதை நடக்கும் ஆண்டு எதையும் நிரூபிக்காது. நாற்பதுகளில் நடக்கும் கதையை எண்பதுகளில் எடுத்தவர், கையில் கிடைத்த எழுபதுகளின் பொம்மையை வைத்திருப்பார். ஐரோப்பியப் படம் என்றால் அமெரிக்கப் பொம்மை வராது என்றும் நினைக்க வேண்டாம்.

சினிமாக்காரர்கள் செய்யும் வேறு குளறுபடிகளும் உண்டு. எஞ்சினுக்கு மறு வர்ணம் அடிப்பார்கள், படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவார்கள். தூரத்தில் ஓடுவது ஒரு எஞ்சின், கிட்டத்தில் காட்டுவது இன்னொன்று என்பது சாதாரணம். அதனால் ஒரு காட்சியில் எண்ணியதை அடுத்த காட்சியில் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையில் கடும் பச்சை, கருஞ்சிவப்பு, கறுப்பு எல்லாம் ஒரே இருட்டு. கலர்ப் படமும் நம்பிக்கையில்லை, ஐம்பது அறுபதுகளின் பிரதிகள் பல நீலம் மங்கி ரோஸ் நிறத்துக்குத் திரும்பிவிட்டன.

மூன்றாவது வழி விலைப்பட்டியல். லயனலும் ஹோர்ன்பியும் ஆண்டுக்கு ஆண்டு வெளியிட்ட பட்டியல்களின் நகல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு, வேலையை மறந்து புரட்டிக்கொண்டிருப்போம், அதுதான் ஆபத்து. தயாரிப்பாளரின் பெயர் தெரியாமல் பட்டியலுக்குள் இறங்கினால் கரை ஏற முடியாது. பெயர் தெரிந்த பிறகு இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. லயனலின் 1946 பட்டியலில் அந்த 20 சக்கர எஞ்சின் இரண்டு எண்களில் இருக்கிறது, 671 என்றும் 2020 என்றும். எஞ்சின் ஒன்றுதான், கூட வரும் தண்டவாளம் வேறு. பத்து விநாடிக் காட்சியில் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. சேகரிப்பாளர்கள் இதற்காகச் சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

பட்டியலிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அதில் இருப்பவை பெரும்பாலும் ஓவியங்கள். ஓவியத்தில் மினுங்கும் சில பாகங்கள் கடைக்கு வந்த பொம்மையில் இருக்காது. இன்னொன்று, எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை நிஜ எஞ்சினின் எண் என்று எடுத்துக்கொண்டு தேடக் கூடாது. ஹோர்ன்பியின் 40 வகைச் சாவி எஞ்சினில் 82011 என்று இருக்கும். பிரித்தானிய ரெயில்வேயில் அந்த எண்ணோடு ஒரு எஞ்சின் உண்மையிலேயே ஓடியது, ஆனால் அதற்குப் பக்கத்துக்கு ஐந்து சக்கரம். பொம்மைக்கு இரண்டு.

ஆக, என் தீர்ப்பு: முதலில் கண், பிறகு பட்டியல், படத்தேடல் கடைசி. பெயர் தெரிந்த எஞ்சினின் வெவ்வேறு போட்டோக்களைப் பார்க்கவும், விற்பவர் காட்டுவது அதுதானா என்று ஒப்பிடவும் படத்தேடல் நல்ல வேலைக்காரன். தலைவனாக வைக்கக் கூடாது.

இவ்வளவையும் கண்டுபிடித்த பெருமையோடு ஒரு ஞாயிறு காலை பெரியப்பாவிடம் போனேன். லயனல், 1946, நடுக் கம்பியில் கரண்ட், 20 சக்கரம் என்று ஒப்புவித்தேன்.

"கரண்டா?" என்றார். "எங்கட வீட்டுக்குக் கரண்ட் வந்ததே அறுபத்தைஞ்சு தாண்டி. திறப்பால முறுக்கித்தானே விடுவம்."

படத்தில் ஓடிய எஞ்சினை மூன்று வழியில் தேடினேன். நான்காவது வழி பக்கத்திலேயே சாய்மனைக் கதிரையில் இருந்திருக்கிறது, கேட்கவில்லை. படத்தில் பார்த்ததும் வீட்டில் இருந்ததும் இரண்டு வேறு எஞ்சின்கள். முப்பது வருடத்துக்கு மேல் பார்க்காத ஒன்றைத் திரையில் கண்ட சந்தோஷத்தில் பெரியப்பாவின் மனம் இரண்டையும் ஒட்டிவிட்டது.

ஒரு கடதாசியும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னேன். எந்தப் படமும் காட்டவில்லை, அதில் கவனமாக இருந்தேன். இரண்டு கோடாகத் தண்டவாளம் போட்டார். பக்கத்துக்கு இரண்டு சக்கரம். பின்னால் கரி வண்டி இல்லை, எஞ்சினோடு ஒட்டிய தொட்டிதான். பக்கவாட்டில் திறப்பு போடும் ஓட்டை. "இந்த ஆள் நிக்கிற இடத்தில ரெண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஒண்டை இழுத்தா நிக்கும், மற்றதை இழுத்தாப் பின்னுக்குப் போகும்" என்றார். அகலம் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார்.

இங்கிலாந்துக் குடும்பம், ஐம்பதுகள், ஓ கேஜ், தகரம், முறுக்குவது, பின்னோக்கியும் ஓடுவது. மலிவான தகரப் பொம்மைகள் பல முன்னோக்கி மட்டுமே ஓடும். ஃபிராங்க் ஹோர்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920 முதல் லிவர்பூலில் செய்த சாவிக் கோச்சிகளின் பரம்பரையில் வந்த சிறிய தொட்டி எஞ்சின் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது முடிவு வேறு மாதிரி ஆகிவிட்டது. படத்தில் ஓடியதை வாங்குவதா, வீட்டில் ஓடியதையா? லயனல் எஞ்சின் வார்ப்பு உலோகம், பாரம், பார்க்க ராசா. ஆனால் அதற்கு மின்மாற்றி வேண்டும். அமெரிக்க மின்மாற்றி 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. நேரே செருகினால் கோச்சி ஓட முதல் மின்மாற்றி புகை விடும். அதற்கு இடையில் இன்னொரு பெட்டி வாங்கிப் பொருத்தலாம், ஆனால் பெரியப்பா தனியாக இருக்கும் வீட்டில் ஐம்பது அறுபது வருடப் பழைய மின்மாற்றியைச் செருகிவிட்டு வர எனக்கு மனமில்லை. பாரத்துக்கு ஏற்ற தபால் செலவும் சேரும்.

ஹோர்ன்பிச் சாவி எஞ்சினுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. ஏராளமாகச் செய்து விற்றதால் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, சேகரிப்பாளர்கள் அடிபடும் ரகமும் இல்லை. அதன் எதிரி உப்புக் காற்று. திருகோணமலை உவர்மலை வீட்டில் கதவுப் பிணைச்சலே இரண்டு வருடம் தாங்காது, தகரம் எப்படித் தாங்கும்? கண்ணாடிப் பெட்டியும் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் தேவைப்படும். போருக்கு முந்தியவற்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுவேன். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் அது உள்ளுக்குள்ளேயே வெடித்து உதிரும், வெக்கையும் ஈரப்பதனும் அதை விரைவாக்கும். சக்கரத்தில் மெல்லிய வெடிப்புத் தெரிகிறதா என்று கிட்டத்துப் போட்டோ கேட்டு வாங்குங்கள். பெரியகடையில் பற்றரி போட்டு ஓடும் பிளாஸ்டிக் கோச்சி ஒன்றும் பார்த்தேன். அது பேரப்பிள்ளைகளுக்குச் சரி.

எனவே ஹோர்ன்பி. ஆனால் எந்த ஹோர்ன்பி? 1954 வரை விற்றது 101 வகை, பழைய தனியார் ரெயில்வேக்களின் நிறங்களில். அதில் கருஞ்சிவப்பில் 2270 என்ற எண்ணோடு வருவது ஒன்று. 1954இல் அதன் இடத்துக்கு வந்தது 40 வகை, கறுப்பு, அந்த 82011. 1957இல் கைமாறிய பொம்மை எதுவாகவும் இருந்திருக்கலாம்.

"கறுப்பு" என்றார் பெரியப்பா, யோசிக்காமலே.

அந்த யோசிக்காததுதான் எனக்கு உதைத்தது. மூன்று தரம் கறுப்பு வெள்ளையில் பார்த்த ஒருவர் கறுப்பு என்கிறார். நினைவில் இருந்து சொல்கிறாரா, யூடியூபில் இருந்தா? அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கேட்க வேண்டும். கனடாவில் இருக்கும் மாமிக்கு எடுத்தேன். பெரியப்பாவுக்கு இரண்டு வயது மூத்தவர். போட்டோ எதுவும் அனுப்பவில்லை, நிறம் என்று ஒரு சொல்லும் வாயில் எடுக்கவில்லை. "மாமி, வீட்டில ஒரு கோச்சி இருந்ததாமே, எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், வத்தாளங்கிழங்குத் தோல் நிறம்" என்றார் மாமி. "அவன் என்னைத் தொட விடமாட்டான்."

101 வகை, கருஞ்சிவப்பு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். திறப்பும் கூட வருமா என்று விற்பவரிடம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. பெரியப்பாவிடம் நிறத்தைச் சொல்லவில்லை.